கலங்கரை விளக்கம் இரண்டாவது முறை வந்தபோது

ஐலர்ட் ஹார்ம்ஸ் சிரிக்கச் சிரிக்க எழுதுவான் என்பதில் லேயர் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் முதலில் வந்தது கூட்டாட்சித் திரை மேம்பாட்டு மன்றத்துக்குத்தான். சந்தேகப்படுவதற்கென்றே அங்கே ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அதன் பெயர் நகைச்சுவைப் பிரிவு.

வினை தீயணைப்புப் படையின் ஆண்டு விழாவில் தொடங்கியது. லேயரில் தீயணைப்பு என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை. தச்சர், பல் டாக்டர், வங்கிக்காரர் எல்லாம் சங்கு ஊதினால் ஓடி வருவார்கள். ஊதாத நாட்களில் பியர் குடிப்பார்கள். அவர்கள் விழாவுக்கு ஐலர்ட் ஒரு குட்டி நாடகம் எழுதிக் கொடுத்தான். தீயணைப்பு வண்டியை வெளியே எடுக்க முடியாமல் வாசலில் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள், அது யார் கார் என்று படை மொத்தமும் விசாரிக்கிறது, கடைசியில் அது வீடு எரிகிறவரின் கார். அவ்வளவுதான் கதை. படைத் தலைவர் ஓன்னோ சிரித்த சிரிப்பில் பியர் மூக்கில் ஏறி, பக்கத்து மேசைக்காரி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மண்டபமே குலுங்கியது. திரைக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டு ஐலர்ட் அந்தச் சத்தத்தைக் கேட்டான். பாவம், அன்றோடு மனிதன் கெட்டுப்போனான்.

அதற்கு முன்னால் அவன் நன்றாகத்தான் இருந்தான். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அச்சாகும் துணுக்குகளை எழுதிக்கொண்டிருந்தான். நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் அவற்றைப் படித்தார்கள். பெரும்பாலும் கழிவறையில், தனியாக. அவர்கள் சிரித்தார்களா என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாமலே காலத்தை ஓட்டியிருக்கலாம். இப்போது முடியவில்லை. ஒரு சினிமா எழுத வேண்டும், முன்பின் தெரியாத ஒரு கூட்டம் இருட்டில் உட்கார்ந்து தான் எழுதியதற்குச் சிரிப்பதை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அவன் மனைவி வீப்கே பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாதவர்களிடமே நாள் முழுக்கப் பேசுகிறவள், அதனால் பேச்சில் தயக்கம் கிடையாது.

"எங்க அண்ணன் டைல்ஸ் கடைல ஆள் கேக்கறான்," என்றாள். "எத்தனை வருஷமா கேக்கறான்."

"ஒரு படம். ஒரே ஒரு ஹால் முழுக்கச் சிரிக்கட்டும். அப்புறம் போறேன்."

"சிரிக்கலேன்னா?"

"அப்பவும் போறேன்."

"அப்ப எப்படியும் போகத்தானே போற?"

"போறது வேற, வீப்கே. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுப் போறது வேற."

அவள் தேநீர்க் கோப்பையில் கற்கண்டைப் போட்டு, அது உடைகிற சத்தத்தைக் கேட்டபடி யோசித்தாள். சரி என்றாள்.

அவன் எழுதிய கதை இது. பக்கத்து ஊரான எம்டனில் ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர். இருபது வருடமாக ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. இளவயதில் பரீட்சையில் தோற்றுவிட்டு, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் பள்ளியை ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிறார். அவரும் பழைய மாணவர். ஆசிரியர் கண்ணாடியை இறக்கி, "இப்படியா கை காட்டுவாங்க? வண்டிய எங்க நிறுத்தச் சொல்ற, வளைவுலயா?" என்று அதட்ட, போலீஸ்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறார். வீப்கே அடுப்படியில் நின்றபடியே இதைப் படித்தாள். சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். உருளைக்கிழங்கு குழைந்துபோனது.

அந்தத் தைரியத்தில், படமெடுக்க அரசாங்கப் பணம் கேட்டுப் பிரதியை மன்றத்துக்கு அனுப்பினான்.

மன்றம் தலைநகரில் ஒரு பழைய இறைச்சிக் கூடத்தில் இருந்தது. மாடுகளைத் தொங்கவிட்ட கொக்கிகளை அழகுக்காக அப்படியே விட்டிருந்தார்கள். நகைச்சுவைப் பிரிவின் தலைவி டாக்டர் ரோஸ்வித்தா ஹெல்விக். சிரிப்பின் சமூகப் பொறுப்பைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் வேடிக்கையான ஒன்றைக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றுவார், அதை மற்றவர்கள் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவருக்கு இரு பக்கமும் கமிட்டி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் சோடா, பிஸ்கட், ஐலர்ட்டின் பிரதி.

"முதல்லயே சொல்லிடறேன், ஹெர் ஹார்ம்ஸ்," என்றார் டாக்டர் ஹெல்விக். "படிச்சோம். ரொம்ப வேடிக்கையா இருக்கு. அதுதான் எங்களுக்குக் கவலையா இருக்கு."

"கவலையா?"

"உங்க கதாநாயகனுக்கு ஏன் லைசென்ஸ் இல்ல?"

"டெஸ்ட்ல ஃபெயிலாயிட்டார், டாக்டர்."

"அது சம்பவம். நான் காரணத்தக் கேக்கறேன்."

"காரை ரிவர்ஸ்ல நிறுத்தத் தெரியல. போய் ஒரு குப்பைத் தொட்டில இடிச்சிட்டார்."

"குப்பைத் தொட்டி," என்றார் அவர். கமிட்டியில் எல்லோரும் குனிந்து குறித்துக்கொண்டார்கள். "அந்தக் குப்பைத் தொட்டி எதைக் குறிக்குது?"

ஐலர்ட் யோசித்துப் பார்த்தான். "குப்பை போடற இடத்தை," என்றான்.

யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஓரத்தில் இருந்த ஒருவர், எம்டன், லேயர் பக்கத்து ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்துக்காரர்களை முட்டாளாகக் காட்டுவது அந்த மக்களைப் புண்படுத்தாதா என்று கேட்டார். நாடு முழுக்க அவர்களைப் பற்றித்தான் ஜோக் சொல்கிறது என்பது உண்மை. "நானே அந்த ஊர்க்காரன்தாங்க," என்றான் ஐலர்ட். கேட்டவர் முகம் கனிந்தது. "அப்ப காயம் ரொம்ப ஆழம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

டாக்டர் ஹெல்விக் பிரதியை மூடி வைத்தார். "எங்களத் தப்பா நினைக்காதீங்க. நகைச்சுவைமேல இந்த மன்றத்துக்கு இருக்கற மரியாதை வேற எங்கயும் கிடையாது. அவ்வளவு மரியாதை இருக்கறதாலதான் அதை வெறும் சிரிப்புக்கு விட்டுக்கொடுக்க மனசு வரல. ஜனங்க சிரிச்சிட்டாங்கன்னா அப்புறம் வீட்டுக்குப் போயிடறாங்க. சிரிக்காதவங்கதான் உக்காந்து யோசிக்கறாங்க. நாங்க உதவி பண்ணின படங்கள்ல ஒருத்தர்கூட சிரிச்சதா இதுவரைக்கும் ஒரு புகார் வரல. அதை நான் பெருமையாவே சொல்லுவேன்."

"அப்ப நான் என்ன பண்ணணும், டாக்டர்?"

"யாராவது இறந்திருக்கலாம். கட்டாயம்னு சொல்லல. இறந்திருந்தா கமிட்டிக்கு வசதியா இருக்கும்."

ஐலர்ட் ஊருக்குத் திரும்பி ஓர் அண்ணனைச் சேர்த்தான். சேர்த்த கையோடு கொன்றான். முதல் கட்ட உதவி கிடைத்துவிட்டது.

பணம் வந்ததும் ஒரு தயாரிப்பாளரும் வந்தார். மியூனிக்கைச் சேர்ந்த கிலியன் மோஸர். கோடையிலும் கழுத்தில் துண்டு சுற்றியிருப்பார். நிறையப் படம் எடுத்தவர், எதையும் கடைசிவரை பார்த்தவர் இல்லை. எந்தக் கெட்ட சேதியையும் "நல்ல சேதி ஐலர்ட்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"நல்ல சேதி ஐலர்ட். மலை மாநில நிதியம் உள்ள வந்துடுச்சு. ஹீரோ மலைக்குப் போகணும்."

"எம்டன்ல ஏது மலை? அங்க உயரமான இடம்னா கடற்கரைத் தடுப்பணைதான்."

"அதான் போகணும்ங்கறேன். எந்த மாநிலம் பணம் கொடுக்குதோ அங்க போய் அந்தப் பணத்தச் செலவு பண்ணணும், அதுதான் நம்ம நாட்டு முறை. ஏரி மாநிலமும் வருது. திராட்சைத் தோட்டத்துக்காரங்களும் கொடுக்கறாங்க."

"டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் திராட்சைத் தோட்டத்துக்கு எதுக்குப் போவார்?"

"அண்ணனோட சாம்பலத் தூவ."

"மலைக்கு?"

"அதுக்கும் சாம்பல்தான். மலைல கொஞ்சம், ஏரில கொஞ்சம், தோட்டத்துல கொஞ்சம். அண்ணன் கொஞ்சம் பெரிய சரீரம்னு வச்சுக்குவோம்."

ஐலர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. மோஸருக்கு வரவில்லை, அவர் நிஜமாகவே சரீரத்தின் அளவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

கடற்கரை மாநிலத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு. அங்கே கலாசாரத் துறையும் பணம் கொடுத்தது, பொருளாதாரத் துறையும் கொடுத்தது. இரண்டு துறையும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் இருந்துகொண்டு பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. எங்கள் சின்னம்தான் படத்தில் முதலில் வர வேண்டும் என்று இரண்டும் நின்றன. ஒன்று முதலிலும் மற்றது கடைசியிலும் வருவது என்று மோஸர் பஞ்சாயத்துப் பண்ணி முடித்தார். அதற்கே ஒரு குளிர்காலம் போயிற்று.

"கதைல என்ன வேணாலும் மாத்திக்க, ஐலர்ட்," என்றார் அவர் களைத்துப்போய். "ஹீரோவ ஹீரோயினா மாத்து, யாரும் கேக்க மாட்டாங்க. லோகோல கை வெக்க முடியாது. ஒவ்வொண்ணும் முழுசா ஓடணும், அதோட சொந்த மியூசிக்கோட. ஒரு வினாடி குறைஞ்சாலும் கேஸ் போடுவாங்க. அந்த ஒப்பந்தத்த எழுதின ஆளு இருக்கான் பாரு, இந்தத் தொழில்லயே அவன் ஒருத்தன்தான் எழுத்தாளன்."

பிறகு சட்டப் பிரிவு பிரதியைப் படித்தது. சாம்பலைத் தூவுவது இந்த நாட்டில் குற்றம், செத்தவர் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தியது. பொதுப் பணத்தில் எடுக்கும் படம் குற்றத்தைக் காட்டலாகாது. ஆகவே கதாநாயகன் மூன்று மாநில அலுவலகங்களில் அனுமதிக்கு விண்ணப்பித்து, மூன்றிலும் மறுக்கப்பட்டு, சாம்பலைத் தூவாமலே திரும்புகிறான். விண்ணப்பிக்கும் காட்சிகள் நீளமாக அமைந்தன. கமிட்டிக்கு அவை மிகவும் பிடித்திருந்தன. இப்போதுதான் கதையில் உண்மை தெரிகிறது என்றார்கள்.

சட்டப் பிரிவுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் எப்படி டிரைவிங் ஸ்கூல் நடத்த முடியும்?

"அதுதான் சார் கதையே," என்றான் ஐலர்ட் தொலைபேசியில்.

"கதை இருக்கட்டும். அவர் லைசென்ஸ் வாங்கிட்டார்னு ஒரு வரி போட்டுடுங்க."

அன்று சாயங்காலம் அவன் தேநீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வீப்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்ப கதை என்ன, சொல்லு," என்றாள்.

"லைசென்ஸ் இருக்கற ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்."

"அப்புறம்?"

"அவருக்கு அண்ணன் செத்துப்போறான்."

"அதுல சிரிப்பு எங்கடா இருக்கு?"

"குப்பைத் தொட்டி இன்னும் இருக்கு," என்றான் ஐலர்ட். "அதை எடுக்கல."

வீப்கே அவன் தலையைக் கலைத்துவிட்டு எழுந்து போனாள். டைல்ஸ் கடைப் பேச்சை அன்றைக்கு அவள் எடுக்காததுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

அடுத்து பசுமைப் படப்பிடிப்புச் சான்றிதழ். இது இல்லாமல் எந்த நிதியமும் கடைசித் தவணையைத் தராது. சான்றிதழ் தர வந்த அதிகாரி நல்ல மனிதர், வீட்டில் செய்த ஜாம் கொண்டுவந்திருந்தார். படத்தில் எத்தனை கார் என்று கேட்டார். ஒன்றுதான், அதுவும் பழையது என்றார் மோஸர். அதிகாரி மிகவும் வருத்தப்பட்டார். கார் போயிற்று. சைக்கிள் கற்றுக்கொடுக்கலாமா என்று ஐலர்ட் கேட்டான். தலைக்கவசம் நுரைப் பிளாஸ்டிக்கில் செய்வது, அதில் பிரச்சினை இருக்கிறது என்றார் அதிகாரி. முடிவில் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர் எல்லா இடத்துக்கும் நடந்தே போவது என்று ஏற்பாடாயிற்று. "நடக்கும்போது அவர் மனசு தெரியும்," என்றார் மோஸர். எம்டனிலிருந்து மலைக்கு நடந்தால் மனசு மட்டுமா தெரியும் என்று ஐலர்ட் நினைத்தான். சொல்லவில்லை. சொன்னால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

இப்படியாகக் குப்பைத் தொட்டி ஒன்றுதான் பாக்கி. அதற்கும் நாள் வந்தது.

மன்றத்தின் கோடைக்கால விருந்தில் டாக்டர் ஹெல்விக் ஒயின் கோப்பையோடு அவனைத் தேடி வந்தார். 'நீங்க'வை விட்டு 'நீ' என்று பேசுவதை வயதில் பெரியவர்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அந்த நாட்டு முறை. அவர் முறைப்படி கோப்பையை அவன் கோப்பையில் தட்டினார். "இவ்வளவு நாள் பழகிட்டோம். இனிமே என்ன ரோஸ்வித்தான்னே கூப்பிடு. நீ, நான்னு பேசிக்கலாம்."

ஐலர்ட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தூரத்தில் நின்ற மோஸர், வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் யாரையாவது "நீ" என்றால் மென்னியைப் பிடிக்கப்போகிறார் என்று அர்த்தமாம். இதை அவர் பிறகுதான் சொன்னார்.

"ஐலர்ட், அந்தக் குப்பைத் தொட்டிய நீ எடுத்துடணும்."

"டாக்டர்..."

"ரோஸ்வித்தா."

"ரோஸ்வித்தா, அது ஒண்ணுதான் மிச்சம். அது போனா படத்துல ஒரு ஆள்கூட சிரிக்க மாட்டான்."

"உன் கஷ்டம் எனக்குப் புரியுது. நானும் சின்ன வயசுல நல்லா சிரிப்பேன், தெரியுமா? விட்டுட்டேன். விட்டப்புறம்தான் மேல வந்தேன்." அவர் அவன் தோளில் கை வைத்தார். "அவன் இடிக்கட்டும். ஆனா எதுல இடிக்கறான்? அண்ணனோட கல்லறைக் கல்லுல இடிக்கட்டும்."

கார் இல்லையே, எதைக் கொண்டு இடிப்பது என்று கேட்டான். பின்பக்கமாக நடந்து போய் இடிக்கட்டும் என்றார்.

கமிட்டி முன்னால் அந்தக் காட்சியை ஐலர்ட்டே வாசித்தான். ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர், கார் இல்லாமல், கல்லறைத் தோட்டத்தில் ரிவர்ஸில் நடந்து போய், அண்ணன் தலைமாட்டில் முதுகை இடித்துக்கொள்கிறார். வாசிக்க வாசிக்க அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ வருடத்தில் அவன் எழுதியவற்றில் இதுதான் உச்சம் என்று தோன்றிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால், கமிட்டி அழுதுகொண்டிருந்தது. டாக்டர் ஹெல்விக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். துடைக்கத்தான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து ஓரத்தில் இருந்தவர் ஆறுதலாகச் சோடாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

படத்துக்கு 'அலைகளுக்கு அண்ணன் இல்லை' என்று பெயர் வைத்தார்கள். எடுத்தும் முடித்தார்கள். முதல் காட்சியைத் தங்கள் மாநிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று கடற்கரைக்காரர்கள் விதி வைத்திருந்தபடியால், லேயர் ஊர் சினிமாக் கொட்டகையிலேயே நடத்துவது என்று தீர்மானமாயிற்று. பணம் நகைச்சுவைப் பிரிவிலிருந்து வந்ததால் போஸ்டரில் 'நகைச்சுவைப் படம்' என்று போடுவது கட்டாயம். ஊர் அதைப் படித்துவிட்டது.

வந்தார்கள், மொத்தமும் வந்தார்கள். தீயணைப்புப் படை, அவர்கள் மனைவிமார், பல் டாக்டர், வீப்கேயின் அண்ணன். நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் பியரோடு, சிரிப்பதற்கென்றே கிளம்பி வந்த முகங்கள். ஓன்னோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பின்னால் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினார். முதல் வரிசை முழுக்க மன்றத்தார். ஐலர்ட் கடைசி வரிசையில் வீப்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இந்த ஜனங்கள் இன்னும் இரண்டு மணி நேரம் எப்படி உட்காரப்போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தான். எழுந்து ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

விளக்கு அணைந்தது.

முதலில் ஒரு கலங்கரை விளக்கம் வந்தது. மெல்லச் சுற்றியது. கப்பல் சங்கு ஊதியது. கடற்கரை மாநிலம். ஜனங்கள் தங்கள் ஊர் விளக்கத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அடுத்து மலை. மலைமேல் ஓர் ஆடு ஏறியது. உச்சிக்குப் போய் நின்று கத்தியது. கொம்பு வாத்தியம்.

ஏரி. அசையாத நீர். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு மீன் துள்ளிவிட்டு உள்ளே போயிற்று. பியானோ.

திராட்சைக் குலை. ஒரு துளி, சொட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொட்டியது. வீணை மாதிரி என்னவோ ஒன்று.

"கால்நடை ஆஸ்பத்திரி விளம்பரமா இது?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஒரு பெண் களுக்கென்றாள்.

பசுமைச் சான்றிதழ். ஓர் இலை விழ ஆரம்பித்தது. அது அவசரப்படவில்லை. இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் வந்தது. "விழுந்து தொலையேன்," என்றார் ஓன்னோ, வாய்க்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு. மூன்று வரிசை குலுங்கியது. இலை தரையைத் தொட்டதும் ஒரு பறவை கூவ, கொட்டகை கை தட்டியது.

தொலைக்காட்சி நிலையம் ஒன்று, அதன் துணை நிலையம் ஒன்று. பிறகு மன்றத்தின் சொந்தச் சின்னம். கரிய திரையில் ஒரு பெரிய கண். அது திறந்தது. ஜனங்களைப் பார்த்தது. செல்லோ அழுதது. கண் மூடிக்கொண்டது.

"தூக்கம் வந்துருச்சு போல," என்றது ஒரு குரல்.

இப்போது சிரிப்பை யாரும் அடக்கவில்லை. முன் வரிசையில் தலைகள் திரும்பின. அது இன்னும் மோசமாயிற்று. படம் இனி ஆரம்பித்துவிடும் என்று எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, திரையில் மெல்ல வெளிச்சம் வந்தது.

கலங்கரை விளக்கம். அதே விளக்கம்.

பொருளாதாரத் துறையும் கலாசாரத் துறையும்தான் வேறு வேறு. மாநிலத்துக்குச் சின்னம் ஒன்றுதான். அது மெல்லச் சுற்றியது. கப்பல் சங்கு ஊதியது.

கொட்டகை வெடித்தது. வேறு எப்படிச் சொல்வது? ஓன்னோ முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டார். பல் டாக்டர் கண்ணைத் துடைத்தார். வீப்கேயின் அண்ணன் வாழ்நாளில் சிரித்தே பார்க்காத ஆள், அவர் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். வீப்கேயும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஐலர்ட்டின் கையை நசுக்கினாள். அந்தச் சத்தம்! திரைக்குப் பின்னால் நின்று கேட்ட அதே சத்தம், அதைவிடப் பெரிதாக, இருட்டில் நாலு பக்கமும் இருந்து வந்தது. ஐலர்ட் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது யாருக்கு வந்த சிரிப்பு என்பதை அவன் மறந்துபோனான். அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

கண்ணைத் திறந்தான். விளக்கம் மறைந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது: திரைக்கதை, ஐலர்ட் ஹார்ம்ஸ்.

கொட்டகை அமைதியாயிற்று. நம்ம ஐலர்ட் எழுதியதைக் கேட்க வேண்டுமே என்ற மரியாதையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் யாரும் திறக்கவில்லை.

படம் முடிந்ததும் டாக்டர் ஹெல்விக் மேடை ஏறினார். "இன்னிக்கு நடந்தத நாங்க பதிவு பண்ணிக்கிட்டோம்," என்றார். "மன்றத்துக்கு நகைச்சுவை தெரியாதுன்னு சொல்றவங்க இருக்காங்க. இன்னிக்கு இந்த ஊர் சிரிச்சுது. எங்க சின்னத்துக்குச் சிரிச்சுது. ஒரு நிறுவனத்துக்கு இதவிட என்ன வேணும்? அடுத்த படத்துல இன்னும் நாலு மாநிலத்தச் சேக்கறதா இருக்கோம்." முன் வரிசை கை தட்டியது. பிறகு அவர் ஐலர்ட்டை மேடைக்கு அழைத்து, மலர்க்கொத்தும் கொடுத்து, கமிட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று காதோடு சொன்னார். "நீ அன்னிக்கு அழுதத நான் மறக்கவே இல்ல," என்றார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் ஆற்றோரமாக நடந்தார்கள்.

"சிரிச்சாங்கல்ல," என்றாள் வீப்கே.

"சிரிச்சாங்க."

"ஹால் முழுக்க."

"ஆமா."

"அது இல்லன்னு ஆயிடாது, ஐலர்ட். நீ இல்லன்னா அந்த லைட்ஹவுஸ் இங்க வந்திருக்குமா?"

அவன் மலர்க்கொத்தை அவள் சைக்கிள் கூடையில் வைத்தான். மழையில் நனையாமல் மேலே தன் தொப்பியைப் போட்டு மூடினான். கமிட்டி இடத்தைப் பற்றி அவளிடம் சொன்னான். அவள் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம்ல?" என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

திங்கட்கிழமை டைல்ஸ் கடையில் சேர்ந்தான். வேலை சுலபம்தான். குளியலறைக்கு வழுக்காதது, அடுப்படிக்குக் கறை பிடிக்காதது. வந்தவர்கள் யாரும் டைல்ஸ் எதைக் குறிக்கிறது என்று கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஓன்னோ வந்தார். வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்கிறாராம். கொஞ்ச நேரம் மாதிரிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நன்றாக இருக்காது என்று அவருக்கு இருந்திருக்கும்.

"உன் படம்," என்று இழுத்தார். "நடுவுல எனக்குக் கொஞ்சம் பிடிபடல. அது என் தப்பு. ஆனா அந்த ஆரம்பம் இருக்கே, அடேயப்பா. அந்த லைட்ஹவுஸ் ரெண்டாவது தடவ வந்துச்சு பாரு, மூணு நாளைக்கு எனக்கு விலா வலி. தீயணைப்பு நாடகத்துக்கு அப்புறம் நான் அப்படிச் சிரிச்சதே இல்ல. எப்படிடா தோணிச்சு உனக்கு?"

ஐலர்ட் கையில் இருந்த டைல்ஸ் மாதிரியைப் பலகையில் திரும்ப வைத்தான். ஆமாம், எனக்குத்தான் தோன்றியது என்று சொல்லிவிடலாம். ஓன்னோ நம்புவார். ஊரே நம்பும்.

"நான் எழுதல, ஓன்னோ," என்றான். "அது மன்றம் எழுதினது."

"அப்படியா?" ஓன்னோ உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நல்லா எழுதறாங்களே. அப்ப முழுப் படத்தையும் அவங்களயே எழுதச் சொல்லியிருக்கலாமேடா."

"அவங்கதான் எழுதினாங்க," என்றான் ஐலர்ட்.

ஓன்னோ புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். பிறகு சாம்பல் நிறத்தில் வழுக்காத ஒன்றைக் காட்டி, அது எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று ஐலர்ட் உள்ளே போனான்.